பலகையில் இடம்

மார்ச் பதினொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு, பழைய தபால் நிலையத்தின் மாடியில், புதிய சுற்றுச்சூழல் அமைப்புக்குப் பெயர் வைக்க அதிகாரிகள் கூடியிருக்கிறார்கள். மாலையில் திறப்பு விழா. எந்தப் பெயரானாலும் இதில்தான் முடியும் என்று, 'வாரியம்' என்பதை நேற்றே பலகையின் வலது பாதியில் பெரிதாக எழுதிவிட்டு, சுவரோரம் குந்தியிருக்கிறார் பெயிண்டர். ஜன்னல் வெயிலில் அந்தப் பச்சை இன்னும் முழுதாகக் காயாமல் மின்னுகிறது. "நீர், காற்று, மண் பாதுகாப்பு வாரியம்" என்று படிக்கிறார் குமாஸ்தா அம்மா. செயலாளர் எழுந்து வந்து, மிச்சமிருக்கும் இடத்தைச் சாண் போட்டு அளக்கிறார். "பத்தாதும்மா. நீரைத் தூக்கிடுங்க. காற்று, மண் போதும்." அதிகாரிகள் தலையாட்டுகிறார்கள். டீ கிளாஸ்கள் மேசையில் நகர்கின்றன. பெயிண்டர் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால், சாயப்பட்டறை புண்ணியத்தில் தினம் ஒரு நிறம். பெயரிலேயே இல்லாத தண்ணீருக்காக இங்கே யார் மனு வாங்குவார்கள்? பெயிண்டர் எழுந்து நிற்கிறார். "சார், தப்புப் பண்ணினது நானு. தண்ணி என்ன சார் பண்ணுச்சு? வாரியத்தை அழிச்சுட்டு சின்னதா எழுதறேன்." "விழாவுக்குள்ள முடிப்பியாய்யா?" "சோத்துக்குக்கூட எந்திரிக்க மாட்டேன் சார்." குமாஸ்தா அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'நீர்' என்பதை அடிக்க எடுத்த பேனாவை மூடுகிறார். மண்ணெண்ணெய்த் துணி பட்டு 'வாரியம்' கரைந்து வழிகிறது. நான்கு மணிக்குப் பலகை வாசலில் ஏறுகிறது. முதல் சொல் 'நீர்'.