பஞ்சகாலத்துக் கதவு

ஆப்ப மாவுக்குள், அதைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் ஒன்று பசியோடு கிடந்தது. அதன் தோலில் இருந்த கதவுதான், எப்போதாவது மிதந்துவரும் சர்க்கரைத் துணுக்கைப் பிடித்து உள்ளே தள்ளி, அதை உயிரோடு வைத்திருந்தது.

ஒருநாள் மாவில் இளநீரும் சர்க்கரையும் வந்து விழுந்தன.

"இவ்வளவு சர்க்கரைக்குப் பெரிய வாசலே போதும். இனி நீ எதுக்கு? இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்காதே" என்று ஈஸ்ட் கதவின் முதுகில் ஒரு சீட்டை ஒட்டியது. சீட்டு ஒட்டப்பட்ட கதவு ஈஸ்டின் வயிற்றுக்குள் போய்க் கரைய வேண்டியதுதான்.

"சரிங்க. போறப்போ இதையும் உள்ள வெச்சிடறேன்" என்று கடைசிச் சர்க்கரையைச் சுமந்துகொண்டே கதவு போனது.

மாவு பொங்கி முடிவதற்குள் சர்க்கரை தீர்ந்தது. ஈஸ்ட் பதறிப்போய், வயிற்றில் கரைந்து கிடந்த பழைய கதவின் துணுக்குகளைப் பொறுக்கிப் புதுக் கதவு செய்து நிறுத்தியது.

"எனக்கு முன்னாடி இங்க யாருங்க இருந்தாங்க?" என்று கேட்டது புதுக் கதவு. அதே குரல்.

ஈஸ்ட் தலை நிமிரவில்லை. "வெளிய சர்க்கரை வருதா பாரு" என்றது.