பெரியவருக்கு ஒரு வண்டி

கோல்ஃப் சாமான் கடைக்குள் ராயபுரத்து இன்னாசியும் சிலுவையம்மாளும் நுழைந்து, இருப்பதிலேயே உசத்தியான மின்சாரத் தள்ளுவண்டியைக் காட்டச் சொன்னதும், விற்பனையாளன் நிதிஷுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“யாருக்குய்யா?”

“எங்க பெரியவருக்குப்பா,” என்றார் இன்னாசி. “இத்தினி வருசமா நாங்கதான் தூக்கினு அலையறோம்.”

முதலாளியின் மட்டைப் பையைச் சொல்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டான் நிதிஷ்.

“ரோடு மேடும் பள்ளமுமா கீது. குலுங்குமா?” என்று கேட்டார் சிலுவையம்மாள்.

“தண்ணி டம்ளரை வெச்சாகூட சிந்தாதும்மா. எங்கெங்க நிக்கணும்னு இந்த ஜிபிஎஸ்ல குறிச்சு வெச்சா, அங்கங்க தானா நின்னுடும். பெரியவர் வாரா வாரம் ஆடுவாரா?”

“ஆடறதா?” என்றார் சிலுவையம்மாள். “வருசத்துக்கு ஒருநா, திருநாளுக்கு வெளிய வர்றதோட சரி. அவரு எங்க கோயில் செபஸ்தியாரு சுரூபம்பா, சாமி சிலை! தூக்கினு போறவன் ஒவ்வொருத்தனும் அவனவன் வூட்டாண்டயே ரொம்ப நேரம் நிறுத்திடறான். அதால இவுரு தெருவுக்கும் எங்க தெருவுக்கும் வருசா வருசம் பேஜாரு. இந்த வண்டிக்குன்னு ராயபுரத்துல வூடு கிடையாது பாரு!”

நிதிஷ் சிரித்து முடிக்கச் சற்று நேரமானது.

“அப்ப இனிமே சண்டையே வராதும்மா. அப்படியும் நடுவுல எங்கயாவது நிறுத்தணும்னா, இந்த ரிமோட்டை அமுக்கினா போதும்.”

அவன் ரிமோட்டை மேஜைமேல் வைத்ததுதான் தாமதம். வடக்குத் தெரு இன்னாசியின் கையும் தெற்குத் தெரு சிலுவையம்மாளின் கையும் ஒரே நேரத்தில் அதன்மேல் விழுந்தன.