கொன்வேட்டர் மாப்பிள்ளை

"தம்பி, அடுக்கின மொடியூலில ஒண்டு பழுதாப் போனா என்ன செய்வீர்?"

பெண் பார்க்க வந்த லதீசன் அசந்துபோனான். ரெய்னர்ஸ் லேனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெண்ணின் அப்பா புவனேந்திரன், சம்பளத்தைத்தான் கேட்பார் என்று நினைத்திருந்தான். இதற்கு முன் பார்த்த எட்டு வீடுகளிலும், பெரிய மின்சாரக் கொன்வேட்டர் ஆராய்ச்சி என்று அவன் வாய் திறந்ததுமே அப்பாமார் கொட்டாவி விட்டார்கள்.

"அதை மட்டும் விலத்திப்போட்டு மிச்சம் ஓடும், அங்கிள்!" தட்டிலிருந்த ரோல்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். "ஒவ்வொரு ரோல்ஸும் ஒரு மொடியூல். ஒவ்வொண்டாப் போடப் போட வோல்டேஜ் படிப்படியா ஏறும். இருநூறு படி எண்டால், அலை மாதிரி வழுவழுப்பா வரும். கடலுக்க நிக்கிற காத்தாடிக் கரண்டை அப்பிடியே கரைக்குக் கொண்டுவரலாம்."

புரோக்கர் வாமதேவன் உச்சியிலிருந்த ரோல்ஸை எடுத்துக் கடித்தார்.

"பாத்தீங்களோ! ஒண்டு போயிட்டுது, கொன்வேட்டர் நிக்கேல்லை!" லதீசன் துள்ளினான்.

"கெட்டிக்காரன்!" புவனேந்திரன் கையிலிருந்த கடதாசித் துண்டைப் பார்த்தார். "கப்பாசிற்றர் எல்லாத்திலயும் வோல்டேஜ் சமனா நிக்கவேணுமே?"

"சார்ஜ் ஏறேக்க குறைஞ்சதை முதல் போடுவன். இறங்கேக்க கூடினதை."

"ஆறுதலா, ஒவ்வொண்டாச் சொல்லும், அப்பன்."

"அண்ணை, சாதகத்தை ஒருக்கா..." வாமதேவன் இழுத்தார்.

"சும்மா இரும் ஐசே! தம்பி, உள்ளுக்குள்ள சுத்துற கரண்டை என்னெண்டு அடக்குவீர்?"

லதீசனுக்குக் கண் கலங்கியது. இப்படியும் ஒரு மாமனாரா! துஷ்யாவின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு நித்திரை இல்லை. இந்தச் சம்பந்தம் தவறக்கூடாது. மூன்று வருடமாகப் பேராசிரியருக்குக்கூட முழுதாகச் சொல்லாத வழியை, மிச்ச ரோல்ஸை வைத்து முழுதாகச் சொல்லி முடித்தான்.

"துஷ்யாவை ஒருக்காப் பாக்கலாமோ, அங்கிள்?"

"அவவுக்குச் சரியான வெக்கம். கதவுக்குப் பின்னால நிண்டு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா. முடிவை நாளைக்குப் பின்னேரம் சொல்லுறன்."

லதீசன் புரோக்கரின் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கியபடி ஸ்டேஷனுக்கு நடந்தான்.

வாசல் கதவு சாத்தப்பட்டதும் துஷ்யா எழுதிமுடித்த கொப்பியை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இவ்வளவும் காணும் அப்பா! நாளைக்குக் காலமை அந்தக் கொன்வேட்டர் கொம்பனியில இருக்கிற ஒரே ஒரு வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போறது நானும் இவரும் மட்டும்தான்."