கிழிந்த சட்டை

"போன மாசமும் கிழிஞ்ச சட்டையோடதானே படியில நின்னீங்க? உங்க வீட்டுக்காரர் என்ன, முள்ளு மேலயா உருளுறார்?"

கதவைத் திறந்ததுமே தையல்காரியின் மாமியார் இப்படிக் கேட்க, வாசலில் கிழிந்த சட்டையோடு நின்றவள் சும்மா சிரித்து வைத்தாள். அவளுக்கு வீட்டுக்காரரே கிடையாது.

சட்டைக்குள் சுற்றியிருந்தது மாத்திரை டப்பா. எச்.ஐ.வி. உள்ளவர்களே சேர்ந்து நடத்தும் சங்கத்தில் அவள் களப்பணியாளர். ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறவர்களுக்கு, மாதாமாதம் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுப்பாள்.

தையல்காரி நேரம்கூடக் குறித்துக் கொடுத்திருந்தாள். "முதல் திங்கக்கிழமை காலையில வாங்க. அத்தை சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க. அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சா நான் நடுத்தெருவுலதான்."

இரண்டு மாதமாக மாமியார் முட்டிவலி என்று வீட்டை விட்டு நகரவில்லை. அதனால் டப்பா மாடிப்படியிலேயே கைமாறியது. இன்று படியில் தையல்காரியைக் காணோம். போனும் எடுக்கவில்லை. கையிருப்பு மாத்திரை நேற்றோடு தீர்ந்திருக்கும்; ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. வேறு வழியில்லாமல்தான் கதவைத் தட்டினாள்.

"அவ பட்டன் வாங்கக் கடைக்குப் போயிருக்கா. கொடுங்க, நான் வச்சிடறேன்."

"இல்லம்மா, நான் அப்புறமா..."

"அட, கொடுங்கன்னா!"

மாமியார் சட்டையை வெடுக்கென்று இழுத்தாள். டப்பா தரையில் விழுந்து உருண்டு, தையல் மெஷினில் இடித்து நின்றது.

முனகியபடி குனிந்து எடுத்தாள் மாமியார். நல்லவேளை, அதில் யார் பெயரும் இல்லை. ஆனால் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்துப்போனது.

களப்பணியாளர் டப்பாவை வாங்கக் கையை நீட்டினாள். போன வருஷம் இதே மாதிரி ஒரு டப்பா சிக்கி, ஒருத்தி கைக்குழந்தையோடு தெருவில் நின்றதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

"அது... வெறும் சத்து மாத்திரைம்மா..."

மாமியார் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பியபோது டப்பாவை மார்போடு அணைத்திருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"ரெண்டு மாசமா நான் ஆஸ்பத்திரிப் பக்கம் வரலைன்னதும், என்னைத் தேடி வீட்டுக்கே கொண்டு வந்துட்டீங்களா? உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"என் மருமககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"