ஒரே ஒரு வாசகன்

"கையை எடுங்க மவுஸ்லேருந்து! எதை அழிக்கிறீங்க?"

ஆஸ்பத்திரிப் பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தவள் பாய்ந்து வந்து கணவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். திரையில் 'மகனுக்கு' என்ற தலைப்பின் கீழிருந்த பதிவுகள் அத்தனையும் தேர்வாகி நீல நிறத்தில் நின்றன. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

"சுத்தம் பண்றேன். நீதானே சொன்னே?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னது உண்மைதான். ஒன்பது வருடமாக அவள் எழுதிவரும் வலைப்பூ பழைய பரண் மாதிரி ஆகியிருந்தது. 'பொது', 'பொது 2', 'மற்றவை', 'மற்றவையில் மற்றவை' என்று கன்னாபின்னாவென்று தலைப்புகள். திறக்காத படங்கள். எங்கேயும் போய்ச் சேராத இணைப்புகள்.

அவர் ஒரு மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். பத்து நாளாக வேலைவிட்டு வந்ததும் உட்கார்ந்து, அத்தனையையும் அலமாரியில் மாத்திரை டப்பா அடுக்குவது போல அடுக்கிக் கொடுத்தார். புத்தகம் ஓர் இடம், செடிகள் ஓர் இடம், பயணம் ஓர் இடம். இரண்டு தடவை ஏறிய பதிவுகள் எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போயின. பாக்கி இருந்தது இந்த ஒரு தலைப்புதான்.

"நாளைக்குக் காலையில உங்க நெஞ்சைத் திறக்கப் போறாங்க. பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் சொல்லியிருக்கார். நாலு மணிக்கு கார் வருது. இப்பப் பண்ற வேலையா இது?"

"அதனாலதான் இப்பப் பண்றேன். அரைகுறையா விட்டுட்டுப் போறது எனக்குப் பிடிக்காது."

"அப்படியே நெஞ்சுல இருக்கிற கல்லையும் எடுத்துடச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஆறு மாசம் யாரும் கேட்காத சரக்கைக் கழிச்சுடணும். எங்க கிடங்குல அதான் வழக்கம்."

"யாரும் கேட்கலையா? தினம் ஒருத்தன் இதைத்தான் கேக்கறான்!" அவள் மவுஸைப் பிடுங்கி, வந்துபோனவர்களின் கணக்கைத் திறந்தாள். "பாருங்க. காலையில பதினொண்ணு பத்து. நேத்தும் அதே நேரம். முந்தாநாளும் அதே நேரம். ஒரே ஒரு ஆள். ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்ல."

"ஏதாவது மெஷினா இருக்கும்."

"மெஷினுக்கு ஏதுங்க ஞாயித்துக்கிழமை? எங்கேயோ வேலையில இருக்கான். டீ குடிக்கிற நேரத்துல போனைத் திறந்து, அம்மா என்ன எழுதியிருக்கான்னு பாக்கறான்."

ஒன்பது வருடத்துக்கு முன் ஏதோ வாக்குவாதத்தில், 'இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே' என்று அவர் சொன்னார். மகன் மிதிக்கவில்லை. போன் எண்ணையும் மாற்றிவிட்டான். அன்றிலிருந்து அவள் எழுதுகிறாள். கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தது, மாடி அறை ஃபேன் மாற்றியது, அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியது. எல்லாம் அவனுக்கு.

"முதல் ஆறு வருஷம் ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. மூணு வருஷமாத்தான் வர்றான். கோபம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டு வருது. இப்பப் போய் அழிச்சா, அப்பா மறுபடியும் துரத்திட்டார்னுதானே நினைப்பான்?"

"நினைக்கட்டும்."

"நீங்கள்லாம் மனுஷன்தானா?"

"எழுதினது எங்கேயும் போயிடல. பென் டிரைவ்ல ஏத்தி பீரோவுல வச்சிருக்கேன்."

"பீரோவுல இருக்கிறதை அவன் எங்கேருந்து படிப்பான்?"

அவர் மவுஸைத் திரும்ப வாங்கி, கணக்குப் பக்கத்தை மூடினார்; நீல வரிசை மறுபடியும் திரைக்கு வந்தது. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுங்க. இன்னிக்கு மத்தியானம் எழுதினதை மட்டும் விட்டுடுங்க. உங்க ஆபரேஷன் விஷயம் அதுலதான் இருக்கு. ஆஸ்பத்திரி பேரு, எந்த மாடி, எல்லாம் போட்டிருக்கேன். நாளைக்குப் பாத்தா ஓடி வந்துடுவான். உங்க மேல எவ்வளவு கோபம் இருந்தாலும் வருவான்."

அவருடைய விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றது. அவள் அதைப் பார்த்தாள். மனசு இளகுகிறது என்று நினைத்த அந்த ஒரு நொடியில் அவர் அழுத்திவிட்டார்.

'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது திரை. அதையும் அழுத்தினார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு இருந்த இடத்தில் ஒரு பூஜ்யம் வந்து உட்கார்ந்தது.

அவள் அழவில்லை. எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"இனிமே அவன் வரலைன்னா, அதுக்கு நீங்கதான் காரணம். நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

"சரி. நான்தான் காரணம். அப்படியே வச்சுக்கோ."

வெளியே கார் ஹாரன் அடித்தது.

பின் சீட்டில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இருவருக்கும் நடுவில் ஆஸ்பத்திரிப் பை. அவர் சத்தமில்லாமல் தன் போனை எடுத்தார். அதில் சேமித்து வைத்திருந்த அவளுடைய வலைப்பூ முகவரியை அழித்தார்.

டாக்டர் சொன்ன பாதிக்குப் பாதியில் தவறிவிட்டால், இனி பதினொன்று பத்துக்கு அதைத் திறக்க ஆள் இருக்காது. மூன்று வருடத்துக்கு முன், முன்பின் தெரியாத ஓர் ஊரின் பிணவறையில் மகனை அடையாளம் காட்டி, அவளிடம் சொல்லாமலே தன்னந்தனியாகத் தகனத்தை முடித்துவிட்டு வந்த மறுநாள்தான், கிடங்கின் டீ இடைவேளையில் அவர் அதை முதன்முதலாகத் திறந்தார்.