வெண்ணெய் மாதிரி

கண்ணாடி அலமாரியில் பல் உடைந்த சீப்புக்குப் பக்கத்தில், முடியை நேராக்கும் கிரீம் புதிதாக வந்து உட்கார்ந்தது. சுஜிதாவின் சுருட்டை முடியோடு மல்லுக்கட்டித்தான் சீப்புக்குப் பல் போயிருந்தது. இருந்தும் இந்தப் புது ஆள் அதற்குச் சரியாகப் படவில்லை.

"பயப்படாதீங்கண்ணே, நான் வெண்ணெய் மாதிரி. தடவுனா இருக்கிறதே தெரியாது," என்றது கிரீம்.

"வெண்ணெய்க்கு எதுக்குப்பா இவ்வளவு நெடி?"

"அது வாசனைண்ணே."

"சரி, பெட்டிக்குள்ள உன்கூட ஒட்டிக்கிட்டு வந்திருக்கானே, அவன் யாரு?"

"சும்மா, கையுறை." கிரீம் பேச்சை மாற்றப் பார்த்தது.

சீப்பு மேற்கொண்டு கேட்பதற்குள் சுஜிதா வந்துவிட்டாள். வீட்டிலேயே முடியை நேராக்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று உறையை மணிக்கட்டுவரை இழுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு கிரீமை அள்ளி, வெறும் தலையில் தாராளமாக அப்பினாள்.