இரண்டு டைம்கள்

ஒரு கணினியில் டைம் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் தட்டப்படும் கட்டளைகளை வாங்கி ஆளனுப்பும் ஷெல் என்பவரின் வீட்டிலேயே பிறந்தவன். மற்றவன் தனியாக நிறுவப்பட்டு வெளியே குடியிருந்தான். ஒரு நிரல் எவ்வளவு நேரம் ஓடியது என்று இருவரும் சொல்வார்கள். எவ்வளவு நினைவகத்தைத் தின்றது என்பது வெளியே இருந்தவனுக்கு மட்டுமே தெரியும்.

ஒரு நாள் புதிய நிரல் ஒன்று நினைவகத்தை விழுங்கிக் கணினியைத் திணறடித்தது. அது எவ்வளவு தின்கிறது என்று கணக்குப் பார்க்க, கணினியில் வேலை செய்துகொண்டிருந்த தமயந்தி "டைம்" என்று தட்டினாள். உள்ளே இருந்தவன் ஓடிப்போய், "நினைவகமா? எனக்குத் தெரியாது" என்று கையை விரித்தான்.

வெளியே இருந்தவன் கதவை உதைத்தான். "அது எனக்கு வந்த வேலை! எப்போதும் அவனையே அனுப்புகிறீரே!"

"வீட்டில் ஆள் இருக்கும்போது தெருவில் ஏன் தேடணும்?" என்றார் ஷெல்.

"அவனுக்குத் தெரியாதே!"

"தெரியாவிட்டால் என்னப்பா? நம்ம பையன்."

அதற்குள் கணினி உறைந்து நின்றது. தமயந்தி அதை மறுபடி கிளப்பி, இம்முறை வெளியே இருந்தவனின் முழு முகவரியையும் தட்டினாள். ஷெல்லுக்கு வேறு வழியில்லை. வெளியே இருந்தவன் போய் அளந்து சொன்னான். அதை வைத்து அவள் நிரலைத் திருத்தினாள்.

"டைம் காப்பாற்றியது" என்று தமயந்தி குறித்து வைத்தாள்.

"சபாஷ்டா!" என்று ஷெல் உள்ளே இருந்தவனின் முதுகில் தட்டினார்.

"அளந்தவன் நான்!" என்று கத்தினான் வெளியே நின்றவன். கதவு சாத்தியிருந்தது.